இடிமேகத்தின் அறிவியல் வரலாறு: உருவப் பெயரிடலிலிருந்து நிகழ்வு விளக்கம் வரை

ஆய்வுச்சுருக்கம்

மேகங்களை வகைப்படுத்தும் இன்றைய முறை 1802ஆம் ஆண்டில் இலண்டனில் லூக் ஹோவர்டு படித்த கட்டுரையிலிருந்து தொடங்குகிறது. அம்முறை மேகத்தின் புற உருவத்தை அடிப்படையாகக் கொண்டது. கோடையில் இடி, மின்னல், சூறைக்காற்று, ஆலங்கட்டி ஆகியவற்றைத் தரும் மேகத்திற்கு அதில் தனிப்பெயர் இல்லை. அதே காலப்பகுதியில் ஈரக்காற்று மேலெழுவதால் மேகம் உருவாகிறது என்னும் வெப்ப இயக்கவியல் விளக்கம் வேறொரு மரபாக வளர்ந்தது. இவ்விரு மரபுகளும் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் பெரும்பாலும் தனித்தனியே இயங்கி, கோடை இடிமழை பற்றிய ஆய்வில் ஒன்றிணைந்தன. அந்த இணைவின் வரலாற்றையும், அதில் இந்தியாவில் நடைபெற்ற ஆய்வுகளின் இடத்தையும், தமிழ்ப் பாடநூல்களின் மேகப் பெயர்கள் அவ்வரலாற்றில் எந்த மரபைச் சார்ந்துள்ளன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மேக வகைப்பாடு, கார்திரள் மேகம், லூக் ஹோவர்டு, எஸ்பி, கால்பைசாகி, இடிமழைத் திட்டம், கலைச்சொல்.

முன்னுரை

கோடைநாள் ஒன்றில் வானம் காலையில் தெளிவாக இருக்கும். முற்பகலில் பஞ்சுப் பொதி போன்ற சிறு மேகங்கள் தோன்றும். நண்பகலுக்குப் பின் அவற்றுள் சில கோபுரம் போல உயரும். மாலையில் அவற்றின் உச்சி பட்டறைக்கல் போலப் பக்கவாட்டில் விரியும், அடிப்புறம் இருளும், குளிர்ந்த காற்று திடீரென வீசும், இடியுடன் மழை பொழியும். சில மணி நேரத்தில் வானம் மீண்டும் தெளிந்துவிடும். இந்த நிகழ்வுத் தொடரில் பார்வையாளர் நான்கைந்து வகை மேகங்களைக் காண்கிறார். ஆனால் அவை நான்கைந்து பொருள்கள் அல்ல. ஒரே நிகழ்வின் அடுத்தடுத்த நிலைகளே ஆகும்.

இவ்வுண்மை எளியதாகத் தோன்றினாலும் அதனை அறிவியல் அளவீடுகளால் உறுதிப்படுத்த 1940களின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் கருவிகளின் குறைபாடு மட்டுமன்று. மேகங்களை எவ்வாறு பெயரிடுவது என்பதில் மேற்கொள்ளப்பட்ட ஒரு தேர்வும் அதற்குக் காரணமாயிற்று. மேகத்தைப் 'பொருள்' எனக் கொண்டு உருவத்தால் பிரிப்பதா, 'நிகழ்வு' எனக் கொண்டு செயலால் விளக்குவதா என்பதே அத்தேர்வு. இடிமேகம் இவ்விரு அணுகுமுறைகளும் மோதிய இடமாகும்.

ஹோவர்டின் வகைப்பாடும் அதன் எல்லையும்

லூக் ஹோவர்டு (1772–1864) இலண்டனில் மருந்து வேதிப்பொருள் தயாரிப்பில் ஈடுபட்டிருந்தவர். வானிலை நோக்கலைத் தம் ஓய்வுநேர ஈடுபாடாகக் கொண்டவர். 1802 டிசம்பரில் ஆஸ்கீசியன் சங்கம் என்னும் சிறு அறிவியல் குழுவில் மேகங்களின் வடிவங்கள் பற்றிய தம் கட்டுரையைப் படித்தார். அது 1803இல் அச்சேறியது. நார்ச் சுருள் போன்றது 'சிர்ரஸ்', குவியலாக இருப்பது 'குமுலஸ்', விரிப்பு போலப் பரந்திருப்பது 'ஸ்ட்ராட்டஸ்' என மூன்று அடிப்படை வடிவங்களை அவர் வகுத்தார். இவற்றின் இடைநிலைகளையும் கலப்புகளையும் சேர்த்து மொத்தம் ஏழு வகைகளைக் கூறினார். மழை பொழியும் மேகத் தொகுதியை 'நிம்பஸ்' எனக் குறித்தார்.

அதே 1802ஆம் ஆண்டில் பிரான்சில் லமார்க்கும் ஒரு மேக வகைப்பாட்டை வெளியிட்டார். அவர் பிரெஞ்சுப் பெயர்களைப் பயன்படுத்தியதால் அது நாட்டு எல்லையைக் கடக்கவில்லை. ஹோவர்டு, தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் லின்னேயஸ் செய்ததைப் போல, இலத்தீன் பெயர்களைத் தேர்ந்தார். அப்பெயர்கள் எல்லா நாட்டு அறிஞர்களாலும் ஏற்கத்தக்கவையாக இருந்தன. ஜெர்மானியக் கவிஞர் கதே அவரைப் போற்றிக் கவிதை இயற்றும் அளவுக்கு அவ்வகைப்பாடு புகழ்பெற்றது.

ஹோவர்டு தம் வகைகளைக் குறிக்க ஆண்ட சொல் இங்குக் கருதத்தக்கது. அவர் அவற்றை 'இனங்கள்' என்னாமல் 'மாறுநிலைகள்' என்னும் பொருள்பட வழங்கினார். ஒரு வடிவம் மற்றொன்றாக மாறும் முறைகளையும் கட்டுரையில் விவரித்தார். வெப்பமான பகற்பொழுதில் தட்டையான அடித்தளத்திலிருந்து குவிமேகம் மேல்நோக்கி வளர்வதை அவர் தெளிவாகக் கண்டிருந்தார். நீராவி பற்றிய ஜான் டால்டனின் கருத்துகளையும் துணைக்கொண்டார். ஆகவே உருவத்தை மட்டுமே கண்டவர் என அவரைக் குறைத்து மதிப்பிடுதல் பொருந்தாது. எனினும் பின்வந்தோர் அவருடைய பெயர்களை ஏற்ற வேகத்தில் மாற்றம் பற்றிய அவரது சிந்தனையை ஏற்கவில்லை. மாறுநிலைகளின் விளக்கம் வகைகளின் அட்டவணையாக இறுகியது.

இவ்விறுக்கத்தால் பெரிதும் குழப்பத்திற்குள்ளானது 'நிம்பஸ்' என்னும் பெயர். நாள் முழுவதும் தூறும் சாம்பல்நிற மேகப் போர்வையும் ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் கோடை இடிமேகமும் அப்பெயருக்குள் அடங்கின. முன்னது பரந்த நிலப்பரப்பின் மேல் காற்று மெல்ல உயர்வதால் அமைவது. பின்னது சில கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு தம்பமாகக் காற்று விரைந்து எழுவதால் அமைவது. மழை தருதல் என்னும் ஒரு பயனை மட்டும் நோக்கியதால் தோற்றக் காரணத்தில் வேறுபட்ட இரண்டும் ஒன்றாயின.

மேலெழும் காற்று: எஸ்பி முதல் கெல்வின் வரை

மேகம் ஏன் உருவாகிறது என்னும் வினாவுக்கு விடை தேடிய மரபு அமெரிக்காவில் ஜேம்ஸ் பொல்லார்ட் எஸ்பியிடம் (1785–1860) தெளிவு பெற்றது. அவர் 1841இல் வெளியிட்ட புயல் பற்றிய நூலில் இக்கருத்தை விரிவாக நிறுவினார். தரையருகே சூடான ஈரக்காற்று மேலெழும்போது, உயரே அழுத்தம் குறைவதால் விரிவடைகிறது, விரிவதால் குளிர்கிறது, ஓர் உயரத்தில் அதிலுள்ள நீராவி துளிகளாகச் சுருங்குகிறது. அப்போது நீராவியில் மறைந்திருந்த வெப்பம் வெளிப்படுகிறது. அவ்வெப்பம் மேகக் காற்றைச் சூழ்ந்துள்ள காற்றைவிட இலேசாக்கி மேலும் உயரச் செய்கிறது. இவ்வாறு மேகம் தன் வளர்ச்சிக்கு வேண்டிய ஆற்றலைத் தானே வெளிப்படுத்திக்கொள்கிறது என்பது எஸ்பியின் முதன்மையான கண்டுபிடிப்பாகும்.

குவிமேகங்களின் அடித்தளம் ஒரே மட்டத்தில் தட்டையாக இருப்பதற்கும் இவ்விளக்கம் விடை தந்தது. தரைக் காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் இடையே உள்ள ஒவ்வொரு செல்சியஸ் பாகை வேறுபாட்டிற்கும் மேக அடித்தளம் ஏறத்தாழ 125 மீட்டர் உயர்கிறது. வெப்பநிலை 34 பாகையும் பனிநிலை 24 பாகையும் ஆயின் அடித்தளம் சுமார் 1,250 மீட்டர் உயரத்தில் அமையும். எஸ்பியின் பெயரால் வழங்கும் இவ்விதி இன்றும் பயன்படுகிறது.

எஸ்பி எல்லாவற்றிலும் சரியாக இருக்கவில்லை. புயற்காற்று நேராக மையம் நோக்கி வீசுகிறது என்று அவர் கொண்டார். அது சுழல்கிறது என வில்லியம் ரெட்ஃபீல்டு வாதிட்டார். இவ்விவாதம் பல்லாண்டுகள் நீடித்தது. இருவர் கூற்றிலும் உண்மையின் ஒரு பகுதி இருந்தது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆனால் மறைவெப்பம் பற்றிய எஸ்பியின் கருத்து நிலைத்தது. 1860களில் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) ஈரக்காற்று உயரும்போது எவ்வளவு குளிரும் என்பதைக் கணித முறையில் வகுத்தார். உலர்ந்த காற்று கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை குளிர்கிறது. மேகத்தினுள் உயரும் காற்றோ, கீழ் மட்டங்களில், அதில் பாதியளவே குளிர்கிறது. கோடை மேகத்தின் வலிமை இவ்வேறுபாட்டில்தான் அடங்கியுள்ளது.

வியக்கத்தக்கது யாதெனில், இவ்விளக்கம் முழுமையடைந்த பின்னரும் மேகங்களின் பெயர்ப்பட்டியல் அதனால் பெரிதும் மாறவில்லை என்பதே. இயற்பியலாளர் காற்றைக் கணக்கிட்டனர். வானிலை நோக்கர் வடிவங்களைக் குறித்தனர்.

தனிப்பெயர் பெற்ற இடிமேகம்

1880இல் டென்மார்க்கைச் சேர்ந்த பிலிப் வைல்பாக் 'குமுலோநிம்பஸ்' என்னும் பெயரை முன்மொழிந்தார். தமிழ்ப் பாடநூல்கள் இதனைக் 'கார்திரள் மேகம்' என வழங்குகின்றன. ஹோவர்டு பெயரிட்டு ஏறத்தாழ 77 ஆண்டுகளுக்குப் பிறகே இடிமேகம் தனி வகையாயிற்று. 'நிம்பஸ்' என்னும் பழைய தொகுதியின் மற்றொரு பகுதி 'நிம்போஸ்ட்ராட்டஸ்', அதாவது கார்படை மேகம், என 1930இல் தனிமைப்பட்டது. ஒரே பெயருக்குள் இருந்த இரு வேறு நிகழ்வுகள் இவ்வாறு பிரிந்தன.

உப்சாலாவைச் சேர்ந்த ஹில்டபிராண்ட்சனும் பிரித்தானியரான ரால்ஃப் அபெர்குரோம்பியும் 1887இல் பத்து வகைகள் கொண்ட பட்டியலை வெளியிட்டனர். மேக வடிவங்கள் உலகெங்கும் ஒன்றுபோல உள்ளனவா என்பதை அறிய அபெர்குரோம்பி உலகைச் சுற்றிப் பயணம் செய்தார். இப்பட்டியலைத் தழுவி 1896இல் பன்னாட்டு மேகப் படத்தொகுப்பு வெளிவந்தது. மேகங்கள் அதில் உயரத்தின்படி அடுக்கப்பட்டன. அங்கும் இடிமேகம் சிக்கலை உண்டாக்கியது. அதன் அடித்தளம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. உச்சியோ வெப்பமண்டலத்தில் 15 கிலோமீட்டரையும் கடக்கிறது. தாழ்மேகம், இடைமேகம், உயர்மேகம் என்னும் மூன்று அடுக்குகளையும் ஒருங்கே ஊடுருவும் ஒன்றை எந்த அடுக்கில் வைப்பது? எனவே பகற்பொழுதில் மேலெழும் காற்றால் தோன்றும் மேகங்கள் எனத் திரள் மேகத்தையும் கார்திரள் மேகத்தையும் தனித் தொகுதியாக்கினர். உருவத்தாலும் உயரத்தாலும் அமைந்த அட்டவணைக்குள் தோற்றக் காரணம் ஓர் அளவுகோலாக நுழைந்தது இடிமேகத்தின் வழியாகவே எனலாம்.

சிம்லாவில் அளந்த மழைத்துளி

இடிமேகத்தின் மின்னூட்டம் பற்றிய ஆய்வில் இந்தியாவுக்கு முக்கிய இடமுண்டு. இந்திய வானிலைத் துறையில் பணியாற்றிய ஜார்ஜ் சிம்ப்சன் சிம்லாவில் மழைத்துளிகளின் மின்னூட்டத்தை அளந்து 1909இல் முடிவுகளை வெளியிட்டார். தரையை அடையும் இடிமழையில் நேர்மின்னூட்டமே மிகுதி என அவர் கண்டார். மேலெழும் காற்றில் பெருந்துளிகள் உடையும்போது மின்னூட்டம் பிரிகிறது என்பது அவரது விளக்கம். அதன்படி மேகத்தின் கீழ்ப்பகுதி நேர்மின்னூட்டம் கொண்டதாக இருத்தல் வேண்டும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சி.டி.ஆர். வில்சன், மின்னலின்போது தரையில் ஏற்படும் மின்புல மாற்றங்களை அளந்து, மேற்பகுதி நேர்மின்னூட்டமும் கீழ்ப்பகுதி எதிர்மின்னூட்டமும் கொண்டவை என்னும் எதிர்முடிவுக்கு வந்தார்.

இம்முரண்பாடு 1937இல் தீர்ந்தது. சிம்ப்சனும் ஸ்கிரேஸும் கியூ ஆய்வுக்கூடத்திலிருந்து கருவிகளுடன் பலூன்களை இடிமேகத்தினுள் அனுப்பினர். உச்சியில் நேர்மின்னூட்டமும் அதன்கீழ் எதிர்மின்னூட்டமும் இருப்பது உறுதியாயிற்று. அடித்தளத்தை ஒட்டிச் சிறிய நேர்மின்னூட்டப் பகுதி ஒன்றும் காணப்பட்டது. மேகத்தின் முதன்மை அமைப்பைப் பொறுத்தவரை வில்சனின் கூற்றே வென்றது. அதனை நிறுவும் சான்றைத் தம் கொள்கைக்கு மாறாக இருந்தும் சிம்ப்சனே வெளியிட்டார் என்பது அறிவியல் வரலாற்றில் நினைக்கத்தக்கது. தரையில் நின்று காண்பதாலும் அளப்பதாலும் மட்டும் இடிமேகத்தை அறிய இயலாது என்னும் பாடமும் இதனால் தெளிவாயிற்று.

வங்கத்துக் கால்பைசாகி

மேலெழும் காற்றே காரணமெனில், வெப்பமும் ஈரமும் நிறைந்த நாள்கள் பலவற்றிலும் புயல் எழாமல் சில நாள்களில் மட்டும் எழுவது ஏன் என்னும் வினா எஞ்சியது. கோடை இடிப்புயல்கள் மிகக் கடுமையாக வீசும் வங்கம் இவ்வினாவுக்கு ஏற்ற களமாயிற்று. மார்ச் முதல் மே வரை பிற்பகலிலும் மாலையிலும் வடமேற்கிலிருந்து வந்து தாக்கும் இப்புயலை வங்காளியர் 'கால்பைசாகி' என்பர். ஆங்கிலேயர் 'நார்வெஸ்டர்' என வழங்கினர்.

அக்காலத்தில் வங்காள விரிகுடாவிலிருந்து ஈரக்காற்று தாழ்ந்த மட்டத்தில் நிலத்தினுள் புகுகிறது. அதன்மேல் சோட்டா நாக்பூர் மேட்டுநிலப் பக்கமிருந்து வரும் சூடான உலர்காற்று பரவுகிறது. இம்மேற்காற்று மூடிபோல் அமைந்து கீழ்க்காற்றை எழவிடாமல் தடுக்கிறது. தடுப்பதனால் ஆற்றல் குறைவதில்லை, நாள்தோறும் சேர்கிறது. எங்கேனும் மூடி உடையும்போது சேர்ந்த ஆற்றல் முழுவதும் ஒரே மூச்சில் வெளிப்படுகிறது.

1927 முதல் 1944 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த சார்லஸ் நார்மண்ட், இத்தகைய நிலையை 1938இல் கோட்பாடாக வகுத்தார். சிறிதளவு உயர்த்தினால் திரும்பக் கீழிறங்கும் காற்று, குறிப்பிட்ட உயரத்தைக் கடக்கச் செய்தால் தானே எழத் தொடங்கும். தடையைக் கடக்கச் செலவாகும் ஆற்றலையும் கடந்தபின் கிடைக்கும் ஆற்றலையும் வெப்ப இயக்கவியல் வரைபடத்தில் இரு பரப்புகளாக அளந்து ஒப்பிடலாம் என அவர் காட்டினார். இன்று உலகெங்கும் இடிமழை முன்னறிவிப்பில் பயன்படும் ஆற்றல் அளவீடுகள் இவ்வொப்பீட்டின் வழிவந்தவையே. மேகம் தோன்றுமுன்னரே, தெளிந்த வானில், இடிமேகத்தின் வாய்ப்பைக் கணிக்க இயலும் என்பது இதன் பொருள். உருவத்தை நோக்கும் மரபால் இது இயலாது. காலையில் நோக்குவதற்கு உருவமே இராது.

மேகத்தினுள் புகுந்த விமானங்கள்

விமானப் போக்குவரத்து பெருகியபோது இடிமேகம் உயிர்ப்பிரச்சினையாயிற்று. 1940 ஆகஸ்ட் 31 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இடிமழையினூடே பறந்த பயணியர் விமானம் விழுந்து, ஆட்சிமன்ற மேலவை உறுப்பினர் ஒருவர் உட்பட 25 பேர் உயிரிழந்தனர். இடிமேகத்தினுள் நிகழ்வதை நேரடியாக அளக்க வேண்டும் என்னும் கோரிக்கை வலுத்தது. போர் முடிந்தபின், 1946இல் புளோரிடாவிலும் 1947இல் ஒஹையோவிலும் 'இடிமழைத் திட்டம்' நடைபெற்றது. ஹொராஸ் பையர்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். ராஸ்கோ பிரஹாம் உடன் பணியாற்றினார். போர்க்காலத்து இரவுப்போர் விமானங்கள் வெவ்வேறு உயரங்களில் ஒரே மேகத்தினுள் ஆயிரத்திற்கும் மேற்பட்ட முறை ஊடுருவிச் சென்றன. ரேடாரும் பலூன்களும் தரை நிலையங்களும் துணைநின்றன.

1949இல் வெளியான அறிக்கை இடிமேகத்தைச் சிற்றறைகளின் தொகுதி எனக் காட்டியது. ஒவ்வோர் அறைக்கும் மூன்று நிலைகள் உண்டு. வளர்நிலையில் அறை முழுவதும் காற்று மேலெழுகிறது. முதிர்நிலையில் மழைத்துளிகளும் பனிக்கட்டிகளும் விழத் தொடங்கி, தம்முடன் காற்றையும் கீழே இழுக்கின்றன. எழுகாற்றும் இறங்குகாற்றும் அருகருகே இயங்குகின்றன. மின்னலும் சூறைக்காற்றும் இந்நிலைக்குரியவை. தேய்நிலையில் இறங்குகாற்று அறை முழுவதையும் நிரப்ப, ஈரக்காற்றின் வரவு அற்று மேகம் மெலிகிறது. ஓர் அறையின் வாழ்நாள் ஏறத்தாழ அரைமணி முதல் ஒரு மணி நேரமே. இறங்கிய குளிர்காற்று தரையில் பரவி, சூழ்ந்துள்ள வெப்பக் காற்றை உயர்த்திப் புதிய அறைகளைத் தோற்றுவிக்கிறது.

இவ்விளக்கத்தில் ஹோவர்டின் வடிவங்களும் எஸ்பியின் இயற்பியலும் ஒன்றாயின. சிறு திரள் மேகம் வளர்நிலையின் தொடக்கம். கோபுரத் திரள் அதன் முதிர்ச்சி. பட்டறைக்கல் வடிவ உச்சி, வளிமண்டலத்தின் உறுதியான மேலடுக்கில் எழுகாற்று தடைபட்டுப் பரவியதன் அடையாளம். மழை ஓய்ந்தபின் வானில் எஞ்சும் கீற்றுகள் அவ்வுச்சியின் எச்சம். அட்டவணையில் வெவ்வேறு கட்டங்களில் இருந்தவை ஒரு வாழ்க்கை வரலாற்றின் பருவங்களாயின. 1960களில் கீத் பிரவுனிங் விளக்கிய நெடுநேரம் நிலைக்கும் பேரறைப் புயல்கள் இம்மாதிரியின் விதிவிலக்குகளைக் காட்டின; எனினும் எழுகாற்று, இறங்குகாற்று என்னும் அடிப்படையை அவை மாற்றவில்லை.

தமிழ்ப் பெயர்களும் பாடநூல் மரபும்

தமிழ்நாட்டுப் பாடநூல்களின் கீற்று, திரள், படை, கார் என்னும் சொற்கள் ஹோவர்டு மரபின் பெயர்களுக்கு நேரானவை. கார்திரள், கார்படை என்னும் கூட்டுச்சொற்கள் பழைய 'நிம்பஸ்' பிரிந்த வரலாற்றைத் தம்முள் தெளிவாகவே கொண்டுள்ளன. இவை சுருக்கமும் பொருத்தமும் உடையவை. மாற்ற வேண்டியவை அல்ல. ஆயினும் இவை பெரும்பாலும் உயரவாரியான பட்டியலாகவே கற்பிக்கப்படுகின்றன. திரள் மேகமும் கார்திரள் மேகமும் ஒன்றின் இரு பருவங்கள் என்பது அப்பட்டியலில் புலப்படுவதில்லை.

தமிழின் பழைய மேகப் பெயர்களுள் 'கொண்டல்', 'கொண்மூ' ஆகியன 'கொள்' என்னும் வினையோடு தொடர்புடையவை. நீரைக் கொண்டது என்னும் பொருளைத் தருபவை. இவை மேகத்தின் தோற்றத்தையன்றிச் செயலைச் சுட்டுகின்றன. இதனால் பழந்தமிழர் நவீன மேக இயற்பியலை அறிந்திருந்தனர் என முடிவு செய்தல் முறையன்று. உருவத்தால் பெயரிடுதல், செயலால் பெயரிடுதல் என்னும் இரு வழிகளும் மொழியில் இயல்பாகவே உள்ளன என்பதே இதனால் பெறப்படும். கலைச்சொல்லாக்கத்தில் இரண்டாவது வழியும் பயன்கொள்ளத்தக்கது.

முடிவுரை

மேக வகைப்பாட்டின் வரலாறு பெயர்கள் பெருகிய வரலாறு மட்டுமன்று. 1802இல் மாறுநிலைகளாகக் கருதப்பட்டவை அட்டவணையாக இறுகி, 1949இல் மீண்டும் மாறுநிலைகளாக விளங்கிய வரலாறும் ஆகும். அத்திருப்பத்திற்குக் காரணமாக அமைந்தது கோடை இடிமேகம். அது உருவத்தால் ஒரு வகைக்குள்ளும் உயரத்தால் ஓர் அடுக்கினுள்ளும் அடங்காமையே ஆய்வாளரைக் காரணம் நோக்கிச் செலுத்தியது. சிம்லா அளவீடுகளும் வங்கத்துக் கோடைப்புயல் போன்றவற்றை விளக்கும் நார்மண்டின் கோட்பாடும் அம்முயற்சியின் ஓரப் பகுதிகள் அல்ல, மையப் பகுதிகளே.

இவ்வரலாறு வகுப்பறைக்கும் உரியது. இந்தியாவில் மின்னலால் ஆண்டுதோறும் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். திறந்தவெளியில் உழைப்போர் அவர்களுள் மிகுதி. கோபுரமாக உயரும் திரள் மேகத்தை ஒரு வடிவமாக மட்டும் அறிந்த மாணவர் அதன் பெயரைச் சொல்வார். அதனை ஒரு பருவமாக அறிந்தவர், அடுத்த பருவம் அரைமணி நேரத்திற்குள் வரக்கூடும் என்பதை உணர்ந்து வயலை விட்டு அகல்வார். மேகங்களைப் பட்டியலாகக் கற்பிப்பதற்கும் வரலாறாகக் கற்பிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.